ஆறு புளியங்கொட்டைக் கடற்படை

அவர் எங்கே நுழைந்தாலும் முதலில் தலைகளை எண்ணுவார். கொட்டாரம் சந்தியில் இருந்த சாயாக்கடைக்குள் கால் வைக்கும்போதே உதடு லேசாக அசையும். எத்தனை பேர் என்பது மட்டுமல்ல. யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு அடிதடி வந்தால் எழுந்து வருகிறவர் யார், வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் பின்வாசலைப் பார்க்கிறவர் யார், எல்லாம் அந்த ஒரு நொடியில் முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் சாயாவுக்குச் சொல்வார். தெரியாதவர்களுக்கு ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று தோன்றும்.

கல்யாண வீடானாலும் இதுதான், சாவு வீடானாலும் இதுதான். ஒருமுறை அஞ்சுகிராமத்தில் ஒரு பெரிய மனுஷர் இறந்துபோய், நாங்கள் இருவரும் துஷ்டிக்குப் போயிருந்தோம். ஊரே திரண்டிருந்தது. பெண்கள் மாரில் அடித்து அழுதுகொண்டிருக்கும்போது இவர் என் காதோரம் குனிந்தார்.

"முந்நூறு பேரு இருக்கும் ஓய். இவரு உயிரோட இருந்து, ஓடி வாருங்கோன்னு கூப்பிட்டிருந்தா வந்திருக்கக்கூடியவன் நாலு பேரு. அதுலயும் ரெண்டு பேருக்கு முட்டுவலி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரித்தவன் என்ற கெட்ட பேர் எனக்கு இன்றுவரை அந்த ஊரில் உண்டு. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வேடிக்கைக்காக அவர் அதைச் சொல்லவே இல்லை.

ஊரில் அவருக்குக் கப்பல்காரர் என்று பேர். யுத்தகாலத்தில் வெள்ளைக்காரனுடைய கடற்படையில் கொடி அசைத்தும் விளக்கு மினுக்கியும் சேதி சொல்கிற வேலை பார்த்தவர். நாற்பத்தாறில் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் பையன்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவரும் அதில் இருந்தார். வெளியிலிருந்து யாரோ, நீங்கள் நில்லுங்கள், நாங்கள் வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்களாம். நம்பி நின்றார்கள். வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. வேலை போய், ஒரு டிரங்குப் பெட்டியோடு நாற்பத்தேழில் ஊருக்கு வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. புருஷனை இழந்த அக்காவும், கடைமடையில் பத்து மரக்கால் விதைப்பாடு வயலும் இருந்தன. பம்பாயைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். "எண்ணிப் பாக்காம எறங்கிட்டோம் ஓய். அதுதான் தப்பு" என்றார்.

இந்த எண்ணுகிற புத்தியைச் சும்மா வைத்துக்கொள்ளவும் அவரால் முடியாது. சந்தியில் எதிரும் புதிருமாக இரண்டு வெற்றிலைக்கடைகள் இருந்தன. ஒருவனுக்கு வியாபாரம் ஓங்கினால் இவர் மறு கடைக்குப் போய் நின்று, பார்க்கிறவர்களையெல்லாம் அங்கே கூப்பிடுவார். அடுத்த மாதம் இவன் ஓங்கிவிட்டால் மறுபடி அந்தப் பக்கம். இரண்டு கடைக்காரர்களுக்கும் இவரைக் கண்டால் ஆகாது. ஆனால் ஏழெட்டு வருஷம் இரண்டு கடையும் மூடாமல் நடந்தன. "ஒருத்தன் போயிட்டா மத்தவன் நம்ம தலையில ஏறி இருப்பான். அவன்கிட்ட பெறவு அழுகின வெத்தலைதான் வாங்கணும்" என்பார். அவர் ஒரு நாளைக்குப் போடுவதே நாலு வெற்றிலை.

அவர் வீட்டில் நெல் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. பத்தாயப்புரை என்போம். அது நெல்லால் நிறைந்து யாரும் பார்த்ததில்லை. அந்த அறையின் சிமிண்டுத் தரையில் சுண்ணாம்பால் ஒரு கடலை வரைந்து வைத்திருந்தார். மேற்கே கொச்சி, கிழக்கே தூத்துக்குடி, தென்கிழக்கே இலங்கை முழுசும். நடுவில் மூக்கை நீட்டிக்கொண்டு குமரிமுனை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் நாலு பேர் அந்தக் கடலைச் சுற்றி உட்காருவோம். நாலுமே கழுதை வயசான ஆண்கள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று, சீட்டாடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுத்தான் நான் போவேன்.

விளையாட்டின் ஆணிவேர் ஒரே ஒரு கேள்வி. இருநூறு வருஷத்துக்கு முன்னால் குளச்சல் கடற்கரையில் திருவிதாங்கூர் மகாராஜாவின் படையிடம் டச்சுக்காரன் தோற்றான். தோற்காமல் ஜெயித்திருந்தால்?

அதற்குப் பதிலாக ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தார். ஜெயித்திருந்தால் நல்லமிளகு மொத்தமும் டச்சுக்காரன் கையில். குளச்சல் முதல் கொச்சி வரை அவன் கொடி. பத்மநாபபுரம் அரண்மனையில் டச்சு கவர்னர். இன்றைக்கு வலை காயப்போடுகிற குளச்சல் மணலில் கப்பல் கட்டும் துறை, முட்டத்தில் நிலக்கரிக் கிடங்கு. இங்கிலீஷ்காரன் சென்னையோடும் தூத்துக்குடியோடும் நின்றுபோயிருப்பான். பிரெஞ்சுக்காரன் சந்தடி சாக்கில் இலங்கையைப் பிடித்திருப்பான். மூன்று பேருக்கும் நடுவில், ஆரல்வாய்மொழிக் கணவாய் முதல் குமரிமுனை வரை, ஒருவனுக்கும் அடிமைப்படாத நாஞ்சில் நாடு. மூன்று பேரில் ஒருவன் அதை விழுங்கப் பார்த்தால் மற்ற இருவரும் விடமாட்டார்கள் என்பதால் மட்டும் அது உயிரோடு இருந்தது.

புன்னைக்காய் பெரிய போர்க்கப்பல். கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரி, அதற்கு அடுத்தது. புளியங்கொட்டை சின்னப் படகு. டச்சுக்கு ஒன்பது புன்னைக்காய், இங்கிலீஷுக்கு ஏழு, பிரெஞ்சுக்கு ஐந்து. கொல்லாங்கொட்டைகளும் அதே விகிதத்தில். நாஞ்சிலுக்கு ஆறே ஆறு புளியங்கொட்டை. முடிச்சுப் போட்ட கயிற்றால் தூரம் அளப்போம். கப்பல்கள் எதிரெதிரே வந்துவிட்டால் சோழியை உருட்டி, விழுந்த சோழிக்கு ஏற்ப நஷ்டம்.

ஊரில் நெல்லுக்குத்துகிற மில் வைத்திருந்த முதலாளி டச்சுக்காரர். எங்கள் பக்கத்து நன்செயில் பாதி அவருடையது. பொறுமையாக ஆடுவார், குரலை உயர்த்த மாட்டார். மணக்குடியிலிருந்து மீன் கொண்டுவந்து கொட்டாரத்தில் விற்கிற சவரிமுத்து பிரெஞ்சுக்காரர். கடல் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "இந்தக் காத்துல எனக்க வள்ளமே அங்க போவாது அண்ணே, உம்ம இரும்புக் கப்பலு எங்க போவும்?" என்று பாதி ஆட்டத்தை நிறுத்திவிடுவார். அஞ்சல் ஆபீசில் தபால் பிரிக்கிற வேலையில் இருந்த நான் இங்கிலீஷ்காரன். நாஞ்சில் நாட்டை அவரே வைத்துக்கொண்டார். வேறு யாருக்கும் அது வேண்டாம்.

யாரும் யாரோடும் கூட்டுச் சேரலாம். ஆனால் கூட்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். அதற்கு எழுத்து என்று பேர். மீறினால் என்ன தண்டனை என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே கேட்டேன்.

"தண்டனை ஒண்ணும் கெடையாது" என்றார். "மீறினவன் யாருன்னு மத்த மூணு பேருக்கும் தெரியும். அது போரும்."

அந்த ஆறு புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு நாலு வருஷம் அவர் பிழைத்திருந்தது எனக்கு இப்போதும் ஆச்சரியம். டச்சுக்காரர் ஒன்பதோடு முட்டத்தைத் தாண்டினால் என்னிடம் வருவார். "அவருக்கு ஒம்பது. உமக்கு ஏழு. சவரிக்கு அஞ்சு. ஏழும் அஞ்சும் எத்தன ஓய்?" என்பார். நான் பன்னிரண்டு என்பேன். அடுத்த மாதம் நான் கொஞ்சம் தலையெடுத்தால் அதே கணக்கை டச்சுக்காரர் காதில் சொல்லிக்கொண்டிருப்பார். யாரையும் ஜெயிக்கவிட மாட்டார், யாரையும் சாகவும் விடமாட்டார். தனக்கென்று ஒரு புன்னைக்காய்கூட அவர் ஆசைப்பட்டதில்லை.

சவரிமுத்துவுக்கு எழுத்து கிழுத்து ஒன்றும் கிடையாது. மூன்று முறை மீறியிருக்கிறார். ஒருமுறை நாஞ்சிலோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயா குடித்து முடிப்பதற்குள் இரண்டு புளியங்கொட்டையை மூழ்கடித்துவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். கப்பல்காரர் சிரிக்கவில்லை. நோட்டில் எதையோ எழுதினார். அதற்குப் பிறகு சவரிமுத்து வீட்டுக்குள் வந்தால் அவர் உதடு ஒருவிதமாக அசைவதைக் கவனித்திருக்கிறேன். அந்த ஆளை எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டார்.

நான் மீறியதே இல்லை. அதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஐம்பத்திரண்டோ ஐம்பத்திமூன்றோ, ஒரு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. டச்சும் பிரெஞ்சும் கை கோத்துவிட்டார்கள். பதினாலு புன்னைக்காய் குமரிமுனையை வளைத்து நின்றன. எனக்கும் நாஞ்சிலுக்கும் எழுத்து இருந்தது. மில் முதலாளி எனக்கு ஒரு பெரிய ஆசை காட்டினார்: நான் தூத்துக்குடியை விட்டு நகராமல் இருந்தால் போதும், முட்டம் எனக்கு. நான் ஏழையும் கொண்டுபோய்க் குமரிமுனையில் விட்டேன். சோழி கைகொடுக்கவில்லை, ஐந்து முழுகிப்போயின. ஆனால் நாஞ்சில் தப்பித்தது.

கப்பல்காரர் தரையில் கிடந்த என் இரண்டு புன்னைக்காய்களையும் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "வந்தீரே ஓய்" என்றார். அவ்வளவுதான். எனக்கு உள்ளூர ரொம்பப் பெருமை. ஐந்து புன்னைக்காய் போனதற்கு எந்த மனுஷனும் அவ்வளவு நன்றியோடு என்னைப் பார்த்ததில்லை. அன்றைக்கே அவர் என்னை ஒரு தப்பான பட்டியலில் சேர்த்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பேச்சிப்பாறை அணையிலிருந்து கிளம்புகிற தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து கடைசியில் வந்து சேருகிற இடம்தான் கடைமடை. மழை குறைந்தால் முதலில் காய்வதும் அதுதான். அவருடைய வயலும் என்னுடைய வயலும் அங்கே ஒரே வரப்பின் இரண்டு பக்கம். தை மாதம், மாசியில் அறுக்கிற கும்பப்பூ பயிர் கதிர் வைக்கிற சமயம். அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் பால் பிடிக்காமல் வெறும் பதராகிவிடும். முறைப்படி வாரத்தில் மூன்று நாள் தண்ணீர் எங்களுக்கு வரவேண்டும். மேல்மடையில் மில் முதலாளி தன் வயல் காயாமல் இருக்க, மடையை அடைக்கிற பலகையை இறக்கிவிட்டார். இரண்டு வாரம் ஒரு சொட்டு இல்லை. கடைமடையில் மற்றவர்கள் எல்லாரும் அவருடைய குத்தகைக்காரர்கள், வாய் திறக்க மாட்டார்கள். சொந்த வயல் வைத்திருந்தது நாங்கள் இருவர்தான்.

அந்த இரண்டு வாரமும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்தது. முதலாளி வந்து உட்கார்ந்து டச்சுக் கப்பல்களை நகர்த்தினார். தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் போனபிறகு கப்பல்காரர் என்னை நிறுத்தினார்.

"வியாழக்கிழமை விடியக்காலம் மேல்மடைக்குப் போயி பலகையைத் தூக்குவோம். நம்ம முறை அன்னைக்கு. காவலுக்கு அங்க ஒரு ஆளுதான். நான் தனியாப் போனா வாய்க்கால் சண்டைன்னு ஆயிரும். அஞ்சல் ஆபீஸ் உத்தியோகஸ்தன் கூட நின்னா அது சாட்சி. மொதலாளி யோசிப்பாரு."

"சவரியையும் கூப்பிடலாமே அண்ணாச்சி" என்றேன். "மணக்குடியிலேருந்து நாலு ஆளு கொண்டு வருவாரு."

"அவனா? மூணு மட்டம் எழுத்து மீறினவன்."

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. தாளை எடுத்து எழுதினார்: வியாழன் விடியற்காலை மேல்மடையில் இருவரும் நிற்பது. ஒருவர் வராமல் மற்றவர் பலகையைத் தொடுவதில்லை. கையெழுத்துப் போட்டேன். டப்பாவில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மில் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். அவர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. பிள்ளைகளைக் கூப்பிட்டு எந்த வகுப்பு என்று கேட்டார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"தம்பி, உங்க வயலுக்கு எங்க வயல் வழியா பத்து நாளு தண்ணி விடுகேன். வியாழக்கிழமை காலையிலேயே வந்திரும்."

"அண்ணாச்சிக்கு?"

"அவருக்கு இல்ல. வியாழன் உங்க முறை, அவரு பலகையத் தூக்க வருவாருன்னு எனக்குத் தெரியும். நீங்க ஒண்ணும் செய்யாண்டாம். அன்னைக்கு வீட்டுல இருந்தாப் போரும்."

"அவரு அங்க தனியா நிப்பாரு."

"நிக்கட்டு. ரெண்டு சொல்லு சொல்லி அனுப்பிருவேன். ஞாயித்துக்கெழம நம்மகூட இருந்து வெளையாடுக மனுஷன்லா, நான் என்ன செய்யப்போறேன்?"

நான் சரி என்று சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒரு வெற்றிலை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டில் பத்தாயம் அடிதெரியக் கிடந்தது, இரண்டு பிள்ளைகள், சம்பளம் கைக்கும் வாய்க்கும். இதையெல்லாம் அன்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். இப்போது சொல்லிப் பார்த்தாலும் அவை எல்லாம் உண்மைதான்.

வியாழக்கிழமை கிழக்கு வெளுக்கிற நேரத்தில் கதவைத் தட்டினார்.

"ஓய், நேரமாச்சு."

என் மனைவி எழுந்தாள். நான் பாயிலிருந்தபடியே கையால் சாடை காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் கதவைத் திறக்காமலே, "அவங்க சுசீந்திரத்துக்குப் போயிருக்காங்க அண்ணாச்சி" என்றாள்.



"சரி தங்கச்சி. வந்தா அனுப்பி வையுங்கோ. நான் அங்கதான் நிப்பேன்."

செருப்புச் சத்தம் போய் மறைந்தது. அவர் போனதும் என் மனைவி அடுக்களைக்குள் போனாள்.

பிறகு நடந்ததைச் சவரிமுத்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மேல்மடையில் அப்போது காவலுக்கு ஒரே ஒரு கிழவன்தான் இருந்தான். போனவுடன் பலகையைத் தூக்கியிருந்தால் தடுக்க ஆள் இல்லை. இவர் தூக்கவில்லை. ஒருவர் வராமல் மற்றவர் தொடுவதில்லை என்று எழுத்து. நான் வருவேன் என்று மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தார். கிழவன் ஓடிப்போய் மில்லில் சொல்லி, ஏழெட்டுப் பேர் மண்வெட்டியோடு வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அவர்கள் வந்தபிறகு எழுந்து, நான் வருகிறேனா என்று வரப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, தனியாகப் பலகையில் கை வைத்தார். எவனோ பலகையை மிதித்தான். வலது கை பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்தது. மண்வெட்டிக் காம்பால் முழங்காலில் ஒரு அடி. வாய்க்காலில் விழுந்து கிடந்தார்.

மீன் கூடையோடு சைக்கிளில் கொட்டாரம் வந்த சவரிமுத்து சாயாக்கடையில் விஷயத்தைக் கேட்டு, கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். கையில் கிடைத்த நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, சாயாக்கடை பெஞ்சிலேயே வைத்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நாலாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டில் காலடியில் சவரிமுத்து உட்கார்ந்து அவரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கிட்ட ஏன் ஒரு வார்த்த செல்லல்ல அண்ணே? கடப்புறத்துலேருந்து இருவது பேரக் கொண்டு வந்திருப்பேனே!"

"நீ எழுத்த மீறுகவன்லா சவரி."

"எண்ட மாதாவே! அது வெளையாட்டுல்லா அண்ணே! புளியங்கொட்டைக்கா என்னைத் தள்ளி வச்சீரு?"

சவரிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்னைத் தாண்டிப் போகும்போது என் பக்கம் திரும்பவில்லை. கப்பல்காரருடைய அக்கா ஒரு ஸ்டூலை எனக்காக நகர்த்திப் போட்டுவிட்டு வெளியே போனாள். என்னைத் திட்டுவார், காறித் துப்புவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"என்ன குடுத்தாரு?"

"தண்ணி. பத்து நாளு."

கண்ணை மூடினார். உதடு அசைந்தது. திறந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. நிஜமான கவலை இருந்தது.

"கொறச்சுக் கேட்டிட்டீரே ஓய். கதிரு முத்த இன்னும் இருவது நாளு வேணும்லா? பதினோராம் நாளு அடச்சிருவாரு. நான் அங்க நிக்கப்போறேன்னு சொல்லி, அறுப்பு வரைக்கும் கேட்டிருக்கணும். குடுத்திருப்பாரு."

நான் அழுதேன். அவர் இடது கையால் என் முழங்கையைத் தட்டினார். அந்தக் கை என்மேல் பட்டதை என்னால் தாங்க முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன்.

ஐம்பத்தாறு நவம்பரில் எங்கள் தாலுகா திருவிதாங்கூரை விட்டுச் சென்னையோடு சேர்ந்தபோது, ஊர்வலத்தில் போனவர்களை அவர் சந்தியில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். "பெரிய கப்பல்ல ஏறிட்டோம் ஓய். எங்க ஏறினாலும் நமக்கு கடைமடைதான்" என்றார், ஒன்றுமே நடக்காததுபோல என்னிடம். அதற்கடுத்த மாசியில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ஆனால் நான் சொல்ல வேண்டியது அதுவல்ல. அந்தப் பதினோராம் நாள்தான்.

பத்து நாளும் தண்ணீர் சொன்னபடி வந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் அவருடைய பயிர் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, சருகாகி நின்றது. இந்தப் பக்கம் என்னுடையது பச்சையாக நின்றது. நடுவே நடக்க வேண்டியிருந்ததால் நான் வயலுக்குள் போகாமல் ரோட்டிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டேன். பதினோராம் நாள் விடிந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. ஓடினேன். முதலாளி மில் வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"பத்து நாளுன்னுதானே பேச்சு தம்பி?" என்றார். அவர் ஒன்றும் மீறவில்லை.

மேல்மடைக்குப் போனேன். நாலு பேர் ஓலையை நிழலுக்கு வைத்துக்கொண்டு மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் வரப்பில் நின்றேன். யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். மனத்தில் ஒவ்வொரு முகமாகக் கொண்டுவந்து பார்த்தேன். ஒருவரும் தேறவில்லை.

அப்போது ரோட்டிலிருந்து அவர் இறங்கி வந்தார். வலது கையை மாரோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. இடது கையில் குடையை ஊன்றி, முழங்காலை மடக்க முடியாமல் காலை இழுத்து இழுத்து வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் விட்டிருந்தார்கள். வந்து என் பக்கத்தில் நின்றார். மடையில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"நாலு பேரு" என்றார். "நாம ரெண்டு. என்னைப் பாதின்னு வச்சுக்கிட்டா ஒண்ணரை."

"எதுக்கு வந்தீங்க அண்ணாச்சி?"

"நம்ம எழுத்து டப்பாவுலதான கெடக்கு? மீறினது நீரு. நிப்போம்னு எழுதினத நான் மீறல்லையே."

நின்றோம். பலகையை நாங்கள் தொடவில்லை, தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. வெயில் ஏறியது. மடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "அஞ்சல்காரரே, சுசீந்திரத்துலேருந்து எப்ப வந்தீரு?" என்று கேட்டான். ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். அவரையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கட்டுப்போட்ட கையில் ரத்தம் கசிந்து துணி நனைந்துகொண்டிருந்தது. என்னால் முடியவில்லை.

"வீட்டுக்குப் போவோம் அண்ணாச்சி."

"நீரு போம். நான் கொஞ்சம் நிக்கேன்."

பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். ரோட்டுக்கு ஏறித் திரும்பிப் பார்த்தபோது அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பயிர் என்றைக்கோ கருகிப்போயிருந்தது. அவர் நின்றது என் வயலுக்காக.